நிமிர்த்தி வைத்த லயம்

கொழும்பு நகரம் புத்துயிர் பெற்றுவிட்டது என்கிறார்கள். லீவில் போய்ச் சுற்றிப் பார்த்து வரும் நம்மவர்களும் வாயைப் பிளந்துகொண்டு அதையே சொல்கிறார்கள். அதற்கு முன் அங்கே செத்துக் கிடந்தது யார் என்றுதான் நாம் கேட்கிறோம்.

கொம்பனித்தெரு என்றைக்கு உயிரில்லாமல் இருந்தது? மலாய்க்காரர், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் எல்லாரும் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்த இடம் அது. முன்வாசலில் அப்பம் சுட்டார்கள், பின்னறையில் துணி தைத்தார்கள். வீடுதான் கடை. 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகளை இடிக்க இராணுவம் வந்தது. அதே ஆண்டில்தான் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. வீடு கட்டும் வேலையில் பாதுகாப்பு அமைச்சுக்கு என்ன வேலை, தோழர்களே?

பிறகு நகரமெங்கும் ஏழைக் குடும்பங்களைக் கிளப்பித் தொடர்மாடிகளில் ஏற்றினார்கள். வீடு சுமார் 400 சதுர அடி. அதுவும் சும்மா இல்லை, பலரிடம் 10 லட்சம் ரூபாயைத் தவணையில் கேட்டார்கள். குழாய்த் தண்ணீரும் தனிக் கழிப்பறையும் கிடைத்ததில் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டாம் மாடிக்கு ஏறிவந்து அப்பம் வாங்குவது யார்? நம் கண்ணுக்கு அது நிமிர்த்தி வைத்த லயமாகத்தான் தெரிகிறது.

கொம்பனித்தெருப் பக்கம் வானளாவிய சொகுசு வீடுகள் எழுந்தன. பேர வாவியோரம் 2018இல் பெரிய கடைத்தொகுதி ஒன்று திறந்தது. இப்படியான கடைகளில் நாள் முழுக்க நின்று விற்கும் பிள்ளைகளில் நாம் சாதாரண தரம் வரை படிப்பித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விற்கும் சட்டையை அவர்கள் சம்பளத்தில் வாங்க முடியாது.

இது கொழும்புக்காரர் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அங்கே ஏழைகளின் குடியிருப்பைச் சிங்களத்தில் 'வத்த' என்பார்கள். தோட்டம் என்றுதான் அர்த்தம். நாமும் தோட்டம்தான். 10க்கு 12 அடிக் காம்பராவில் தலைமுறைகளைக் கழித்து, போராடி 7 பேர்ச்சும் 550 சதுர அடி வீடும் என்ற அளவுக்கு வந்திருக்கிறோம். அதுவும் கொஞ்சப் பேருக்குத்தான். உறுதி கிடைத்தால் போதும் என்றும் நம்மில் பலர் நினைக்கிறோம். கொழும்பில் உறுதி வைத்திருந்தவர்களின் வீடுகளும் இடிபட்டன. உறுதி வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் சேர்ந்து நிற்காவிட்டால் அது வெறும் கடதாசி. ஒவ்வொரு வீடாகத் தனித்தனியே பேசி ஒப்பம் வாங்குவதுதான் அதிகாரிகளுக்கு எப்போதும் லேசு.

துரை பங்களாக்கள் ஹோட்டலாகின்றன. தேயிலை மலையைச் சுற்றுலாவுக்குக் கேட்கிறார்கள். ஆகவே வீடு, காணி சம்பந்தமாக எந்தப் படிவம் வந்தாலும் தனியாக ஒப்பமிட வேண்டாம். தோட்டக் கமிட்டிக்குக் கொண்டு வாருங்கள். எத்தனை பேர்ச், உறுதி யார் பெயரில், கொழுந்து பறிக்கும் மனைவியின் பெயர் அதில் இருக்கிறதா என்று சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம். சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தால், தமிழில் தரும்வரை பேனாவைத் தொட வேண்டாம்.