ஒன்னுதானே அங்கிள்!

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

போன தைப்பூசத்தில் நாங்கள் சிலர் பத்துமலை படிக்கட்டில் தொண்டு செய்துகொண்டிருந்தோம். ஒரு தம்பி மோர் குடித்துவிட்டு காலி கப்பைப் படி ஓரத்தில் வைத்தார். "தம்பி, கீழே குப்பைத் தொட்டி இருக்குப்பா" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "ஒன்னுதானே அங்கிள், இதாலயா கோயில் அசுத்தமாகப் போகுது?" என்றார்.

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. அவர் சொன்னது உண்மைதான். ஒரு கப்பால் பத்துமலை அசுத்தம் ஆகாது. அடுத்து வந்தவரும் ஒன்னுதான் வைத்தார், அவர் சொல்வதும் சரிதான். அப்படி எல்லாரும் சரியாகவே சொன்னாங்க. விடியற்காலையில் பார்த்தால் சாக்கு சாக்காகக் குப்பை! எல்லார் கணக்கும் சரி, ஆனா கூட்டினால் தப்பு. இது எப்படி?

இந்தக் கேள்வி புதுசு இல்லை. ஏறத்தாழ 2,400 வருஷத்துக்கு முன்னால் கிரேக்க நாட்டில் யூபுலிடீஸ் என்ற அறிஞர் இதைக் கேட்டதாகச் சொல்வாங்க. ஒரு நெல்மணி குவியல் ஆகாது. இன்னொரு மணி சேர்த்தாலும் ஆகாது. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கிட்டே போனால் எந்த மணியில் அது குவியல் ஆச்சு? யாராலும் காட்ட முடியாது. ஆனால் குவியல் நம் கண் முன்னால் இருக்கு.

நாங்கள் எஸ்.பி.எம். வரை படித்தவர்கள், தத்துவம் எல்லாம் தெரியாது. ஆனால் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை பார்த்த அனுபவம் இருக்கு. லைனில் ஒரு ஆள் "ஒரு பீஸ்தானே" என்று விட்டால் அடுத்த ஆளும் விடுவார். கடைசியில் மொத்த லாட்டும் ரிஜெக்ட். எந்த பீஸால் கெட்டது என்று அங்கே யாரும் விவாதம் பண்ண மாட்டோம். முன்கூட்டியே ஒரு கோடு போட்டுவிடுவோம், அதைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

படிக்கட்டில் எந்தக் கோடு போடுவது? பத்து கப் வரை பரவாயில்லை என்றால் பத்தாவது கப் யாருடையது என்று யார் எண்ணுவது? எல்லார் கண்ணுக்கும் தெரியும் கோடு ஒன்றே ஒன்றுதான்: ஒன்னுகூட வேண்டாம். தொண்டூழியர்கள் கறாராகப் பேசுறாங்க என்று சிலர் கோபப்படுறீங்க. அது உங்கள் ஒரு கப்புக்காக இல்லை.

படியில் நின்று செல்பி எடுப்பதும் இதே கதைதான். "ஒரு நிமிஷம்தானே!" மொத்தம் 272 படி. பின்னால் காவடி எடுத்தவர், பால்குடம் சுமந்த பாட்டி, குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஏறுகிற தாய். அன்று ஒரு பாட்டி கீழே கிடந்த கப்பை மிதித்து வழுக்கினார். பக்கத்தில் இருந்த நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டோம். பால் கொஞ்சம் சிந்தியது, முருகன் புண்ணியத்தில் பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது யார் வைத்த கப்? யாரோ ஒருவர், ஒன்னுதானே என்று வைத்தது.

எங்களையும் சொல்லணும். அன்று விடியற்காலை களைப்பில் எங்களில் ஒருவர், "இன்னும் ஒரு சாக்கு அள்ளினா மட்டும் என்ன குறையப் போகுது? வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றார். எல்லாரும் அமைதியாகிவிட்டோம். போடுகிறவர் சொன்ன அதே வார்த்தை, அள்ளுகிறவர் வாயிலும்! அந்த ஒரு சாக்கை அள்ளிய பிறகுதான் கிளம்பினோம்.

1892 முதல் பத்துமலையில் தைப்பூசம் நடக்கிறது. இத்தனை வருஷமும் அதை நடத்தி வந்தது, "நான் ஒருத்தன் வராவிட்டால் என்ன" என்று வீட்டில் இருக்காமல் வந்த நம் தாத்தா பாட்டிகள்தான். ஒரு ஆள் செய்யும் நல்லதும் சேர்ந்துதான் குவியல் ஆகும்.

அடுத்த முறை மலை ஏறும்போது உங்கள் கப்பை, பாட்டிலை நீங்களே கீழே கொண்டு வாங்க. ஒன்னுதானே!

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏