பேர் வெட்டிய பாத்திரம்

கல்லல் சுற்றுவட்டாரத்துப் பெரிய வீடுகளில் பாகம் பிரிந்தால், பழைய சாமான்கள் பலவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத்தான் வரும். ஸ்வீடன் எனாமல் தூக்கு, பர்மா அரக்குப் பெட்டி, ஐரோப்பியப் பீங்கான் என்று அங்கே கிடைக்காதது குறைவு.

பீங்கானில் பாசத்தைக் கொட்டியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 19-ம் நூற்றாண்டில் சண்டர்லாந்து துறைமுகத்துக் குவளைகள் ரொம்பப் பிரபலம். கப்பலேறும் மாலுமி, வழியனுப்பும் காதலி, பக்கத்தில் 'என்னை மறந்துவிடாதே' என்கிற ரீதியில் நாலு வரி. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் அச்செடுத்து, குவளையில் ஒற்றுவார்கள். மினுமினுக்கும் இளஞ்சிவப்புப் பூச்சில் துளி தங்கமும் சேரும். சில குவளைகளில், குடித்து முடிக்கும்போது உள்ளேயிருந்து ஒரு பீங்கான் தவளை எட்டிப்பார்க்கும். குறும்புதான்!

மூன்று வருஷக் கணக்குக்குப் பர்மா போனவர்களின் வீடுகளிலும் அதே பிரிவுதான். ஆனால் இங்கே படமும் இல்லை, பாட்டும் இல்லை. பித்தளை, வெண்கலப் பாத்திரங்களில் பேரும் விலாசமும் வெட்டியதோடு சரி. பேர் எழுதிய குவளையை அங்கே சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். இங்கே பேர் வெட்டிய அண்டா எடைக்குப் போகிறது. தராசில் ஏற்றும் முன் விளிம்பைப் புளி போட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஆயா பேராக இருக்கலாம்.