ஜித்தாவில் அடித்த சுத்தியல்

2024 நவம்பர் 25, திங்கட்கிழமை. கடைசி பீரியட். துறையூரில் எங்கள் வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். கண்ணகி சிலம்பை உடைக்கப் போகிற இடம். கடைசி பெஞ்சில் நான்கு தலைகள் மேசைக்கு அடியில் குனிந்திருந்தன. போய்ப் போனை வாங்கினேன். ஐ.பி.எல். ஏலம் ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் கையில் சுத்தியலோடு ஒரு பெண்.

"யாருடா இவங்க?"

"மல்லிகா சாகர் மேம். இவங்கதான் ஏலம் விடுவாங்க. ஜெட்டாவுல நடக்குது."

முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பினாள். "செம மேம். சவூதியில ஒரு லேடி நின்னு ஆம்பளைங்கள ஏலம் விடுறாங்க." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கும் அதில் ஏதோ பங்கு கிடைத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. அந்தச் சிரிப்பை என்னிடமிருந்து யாரோ விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். இரண்டு நாளில் 182 ஆட்டக்காரர்களை 639 கோடி ரூபாய்க்கு விற்று வாங்கினார்கள் என்று மறுநாள் பேப்பரில் கணக்குப் போட்டிருந்தது. அந்தச் சிரிப்பு எந்தக் கணக்கிலும் இல்லை.

அன்றைக்கு சவூதிச் சிறையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் சல்மா அல் ஷெஹாப். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. மாணவி, இரண்டு பிள்ளைகளின் தாய். 2021 ஜனவரியில், விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில் பிடித்தார்கள். குற்றம், ட்விட்டரில் போட்ட பதிவுகள். 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டில் 34 ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். பிறகு குறைத்து, 2025 பிப்ரவரியில் வெளியே விட்டார்கள். நானும் பிஎச்.டி. முடித்தவள். 34 ஆண்டு என்ற எண்ணை என் வயதோடு கூட்டிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொருவர் மனாஹெல் அல் ஒதைபி, உடற்பயிற்சி ஆசிரியை. பெண் உரிமை பற்றி எழுதியதற்கும் 'அடக்கமில்லாத' உடை போட்டதற்கும் சேர்த்து 2024 ஜனவரியில் 11 ஆண்டு. எங்கள் ஊரில் கபடி ஆடும் பிள்ளைகள் டிராக் பேன்ட்டோடு பஸ் ஸ்டாண்டில் நின்றாலே என்னென்ன பேச்சு விழுகிறது என்று தெரியும். அந்தப் பேச்சையே சட்டமாக்கிக் கையில் விலங்கையும் கொடுத்தால் மனாஹெலின் வழக்கு.

ஓர் ஊரில் விளையாட்டுச் சொல்லிக் கொடுத்த பெண் சிறையில் இருக்கிறாள். அதே ஊருக்கு நம் விளையாட்டு, ஒரு பெண்ணின் கையில் சுத்தியலைக் கொடுத்து மேடையேற்றுகிறது. மல்லிகா சாகர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வேலையைச் சுத்தமாகச் செய்கிறார். அவரை அங்கே நிறுத்தினால் படம் எப்படி வரும் என்று தெரிந்தவர்களோடுதான் என் சண்டை.

இந்த வித்தைக்கு ஒத்திகை நடத்தியது அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி. தொண்ணூறுகளில் நம் தெருப் பையன்கள் சீட்டு வைத்து விளையாடினார்களே, அந்த அண்டர்டேக்கர் கம்பெனிதான், டபிள்யூ.டபிள்யூ.இ. 2018இல் சவூதி அரசோடு பத்தாண்டு ஒப்பந்தம் போட்டது. ஏப்ரலில் ஜித்தாவில் முதல் பெரிய காட்சி. அதில் ஒரு பெண் வீரர்கூடக் கிடையாது. விளம்பரப் படத்தில் தவறிப்போய்ப் பெண்கள் தெரிந்துவிட்டார்கள் என்று அந்நாட்டு விளையாட்டு ஆணையம் மன்னிப்புக் கேட்டது. மே மாதம், பெண்கள் கார் ஓட்டும் உரிமைக்குப் போராடிய லூஜைன் அல் ஹத்லூல் கைது. ஜூனில் கார் ஓட்ட அனுமதி. வரிசையைப் பாருங்கள்: கேட்டவளை உள்ளே போட்டுவிட்டுத்தான் கேட்டதைக் கொடுத்தார்கள். உரிமை என்பது இளவரசர் கையால் வர வேண்டும், அவள் வாங்கியதாக இருக்கக் கூடாது. அக்டோபர் 2ஆம் தேதி இஸ்தான்புல் தூதரகத்துக்குள் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொல்லப்பட்டார். சரியாக ஒரு மாதம் கழித்து ரியாத்தில் அடுத்த மல்யுத்தக் காட்சி. ஜான் சீனாவும் டேனியல் பிரையனும் போக மறுத்தார்கள். கம்பெனி போனது.

அடுத்த ஆண்டு அக்டோபர் 31இல் ரியாத்திலேயே முதல் பெண்கள் மல்யுத்தம். உடம்பு முழுக்க மூடிய உடையில் நடால்யாவும் லேசி எவன்ஸும் மோதினார்கள். வரலாறு என்று கொண்டாடினார்கள். அன்றைக்கும் லூஜைன் சிறையில்தான். பெண்ணை இரண்டு முறை விற்றிருக்கிறார்கள், கூட்டி வராததற்கு ஒரு விலை, கூட்டி வந்ததற்கு ஒரு விலை.

அங்கே எதுவும் மாறவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மைதானத்துக்குள் போக முடிவதும் யாரையும் கேட்காமல் பாஸ்போர்ட் எடுக்க முடிவதும் அந்தப் பெண்களுக்குச் சின்ன விஷயமில்லை. ஆனால் திருமணத்துக்கு ஆண் காப்பாளர் வேண்டும் என்பதை எழுத்திலேயே உறுதி செய்த குடும்பச் சட்டம் வந்த தேதி 2022 மார்ச் 8. மகளிர் தினம்! நாலு நாள் கழித்து, மார்ச் 12இல், ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். இரண்டு வாரத்தில் ஐ.பி.எல். தொடங்கியது. அதிக ரன் எடுப்பவரின் ஆரஞ்சுத் தொப்பிக்கும் அதிக விக்கெட் எடுப்பவரின் ஊதாத் தொப்பிக்கும் முன்னால் அந்த ஆண்டு ஒட்டியிருந்த பெயர் சவூதி அரசின் எண்ணெய் நிறுவனம், அராம்கோ.

இதை எழுதும்போதே பக்கத்தில் ஒரு கும்பல் வந்து நின்று, "பாத்தீங்களா, முஸ்லிம் நாடுன்னா அப்படித்தான்" என்று தலையாட்டும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். சிறைக்குப் போன பெண்களும் முஸ்லிம்கள்தான். அப்புறம், 2023 மே 28 நினைவிருக்கிறதா? புதிய நாடாளுமன்றம் திறந்த அன்று, பாலியல் புகார் கொடுத்த மல்யுத்த வீராங்கனைகளை தில்லித் தெருவில் போலீஸ் இழுத்துப்போனது. வினேஷ் போகட் தரையில் கிடந்த படம் வந்தது. அகமதாபாத்தில் ஐ.பி.எல். இறுதிப் போட்டியும் அன்றைக்குத்தான் இருந்தது, மழையால் மறுநாளுக்குப் போனது. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா சிக்ஸரும் ஃபோரும் அடித்துச் சென்னை ஜெயித்தது. எங்கள் தெருவில் வெடி. நான் டிவியை அணைக்கவில்லை, முழுக்கப் பார்த்தேன். 1983 உலகக் கோப்பை அணிக்காரர்கள் சில நாள் கழித்தாவது ஓர் அறிக்கை விட்டார்கள். அன்று களத்தில் நின்ற நட்சத்திரங்கள் வாயில் என்ன இருந்ததோ.

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதீங்க." ஸ்டாஃப் ரூமில் தினம் கேட்கிற வசனம். 2013 மார்ச்சில் இலங்கை ஆட்டக்காரர்கள் சென்னையில் ஆடக் கூடாது என்று ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதே நாளில் ஐ.பி.எல். நிர்வாகம் கேட்டுக்கொண்டது. சென்னை அணியிலேயே இருந்த குலசேகராவும் அகில தனஞ்செயவும் சொந்த மைதானத்தில் ஆட முடியாமல் போனார்கள். ஒன்பது அணிக்கும் உத்தரவு போட அரசியல் தெரிந்திருந்தது. அன்று ஆய்வு மாணவியாக நானும் போராட்டத்தில் உட்கார்ந்து கை தட்டியவள். இன்று அந்தக் கைதட்டலில் எனக்கு நிம்மதி இல்லை. ராஜபக்ச அரசுக்கு ஒரு காசு நட்டமில்லை, இரண்டு பந்துவீச்சாளர்களுக்கு ஊதியத்தோடு ஓய்வு.

அதைவிட அரிக்கிற ஒன்று உண்டு. அதே ஆண்டு ஜனவரி 9இல்தான் மூதூர்ப் பெண் ரிசானா நஃபீக்கைச் சவூதியில் தலைவெட்டிக் கொன்றார்கள். வீட்டு வேலைக்குப் போனவள். பொறுப்பில் விட்ட குழந்தை 2005இல் இறந்தபோது அவளுக்கு 17 வயது. பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டி எழுதி அனுப்பியிருந்தார்கள். தமிழ் பேசிய பிள்ளை. இனப்படுகொலைக்கு நீதி கேட்டு மாதக்கணக்கில் கூடிய நாங்கள் அவளுக்காக எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம் போடவில்லை.

இதையெல்லாம் சொன்னபோது உடன் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டார்: "உங்க அண்ணன் எங்க இருக்காரு?" நியாயமான கேள்வி. என் அண்ணன் பத்தொன்பது வருஷமாகச் சவூதியில் ஏ.சி. மெக்கானிக். என் பிஎச்.டி.க்குப் பணம் கட்டியது அவன் வியர்வை. துறையூரைச் சுற்றி எந்தக் கிராமத்துக்குப் போனாலும், மாடி வைத்த வீட்டைக் காட்டி "யார் இருக்கா?" என்றால் வளைகுடாவில் ஓர் ஊர்ப் பேர் வரும். அந்தப் பணத்தில் படித்துவிட்டு எழுதுகிறேன் என்றால் ஆமாம்.

ஆனால் அண்ணன் விற்றது உழைப்பு. அவன் கஃபீலோடு போட்ட ஒப்பந்தத்தில் அந்த அரசைப் புகழ வேண்டும் என்று எதுவும் இல்லை. இகாமா அவர்கள் கையில் இருப்பதால் வாயை மூடிக்கொண்டு கம்ப்ரஸரைக் கழற்றிப் பூட்டுகிறான். ஐ.பி.எல்.லுக்கு இகாமா கிடையாது. ஜித்தாவை விட்டால் ஏலம் விட வேறு ஊர் இல்லையா? அது விற்றது நம் ஆசையை, நம் விசிலை, என் வகுப்புப் பெண்ணின் 'செம'வை. கூலிக்காரன் வாயை மூடுவதும் முதலாளி வாயை மூடுவதும் ஒன்று என்று சொல்வது, கூலிக்காரனை முன்னால் நிறுத்திவிட்டு முதலாளி பின்னால் ஒளிவது.

போகாதே என்றுகூட நான் சொல்லவில்லை. போவதற்கு முன் ஒரு பெயரைச் சொல்லிக் கேள் என்கிறேன். முடியும். சீனத்தின் முன்னாள் துணைப் பிரதமர் மேல் புகார் சொன்ன டென்னிஸ் வீராங்கனை பெங் ஷுவாய் காணாமல்போனபோது, பெண்கள் டென்னிஸ் சங்கம் 2021 டிசம்பரில் அந்நாட்டுப் போட்டிகளை நிறுத்தியது. அவர் பெயரைச் சொல்லித்தான் நிறுத்தியது. ஒன்றரை வருஷம்கூடத் தாங்காமல், கேட்டது எதுவும் கிடைக்காமல், திரும்பப் போனது வெட்கக்கேடு. 2024இலிருந்து தன் ஆண்டிறுதிப் போட்டியை ரியாத்துக்கே கொண்டுபோனது அதைவிட. கிறிஸ் எவர்ட்டும் மார்ட்டினா நவரத்திலோவாவும் வேண்டாம் என்று எழுதியும் கேட்கவில்லை. இருந்தாலும் அந்த ஒன்றரை வருஷம் நடந்தது. விளையாட்டு அமைப்பு ஒன்று ஒரு பெண்ணின் பெயரைப் பணத்துக்கு முன்னால் வைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. மனாஹெலின் பெயரைக் கிரிக்கெட் வாரியத்தில் யார் உச்சரித்தார்கள்? பத்து அணி முதலாளிகளில் யார்? மஞ்சள் சட்டை போடும் நாம்?

2034 உலகக் கோப்பைக் கால்பந்து சவூதிக்கு என்று முடிவாகிவிட்டது. மைதானங்களை அண்ணன் மாதிரி ஆட்கள்தான் கட்டப்போகிறார்கள், ஏ.சி. மாட்டப்போகிறார்கள்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவனுக்கு வாட்ஸ்அப்பில் படித்துக் காட்டினேன். நடுவில் எங்கேயும் பேசவில்லை. முடித்ததும் சொன்னான்: "எழுதும்மா. எழுதத்தான படிக்க வச்சேன். என் பேர மட்டும் போட்டுராத. ஊர் பேரும் வேணாம்."