வானவெளிக் கதைகள்: அறிவா? அளப்பா?

நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் கப்பல் விட்டு, சாம்ராஜ்யத்தோடு சாம்ராஜ்யம் சண்டையிடும் கதை என்று சொன்ன உடனே, "அது சிறுபிள்ளைகள் படிப்பதல்லவா?" என்று முகத்தைத் திருப்பிக் கொள்ளுகிறவர்கள் படித்தவர்களில் அனேகர் உண்டு. இந்த இளக்காரத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. இவ்விதக் கதைகளுக்கு இங்கிலீஷில் வழங்கும் "ஸ்பேஸ் ஆப்பரா" என்கிற பெயரே, அரைத்த மாவையே அரைக்கும் கதைகளைக் கேலி செய்ய 1941-ம் வருஷத்தில் வில்சன் டக்கர் என்பவர் வைத்ததாகும். 1928-ல் வந்த ஈ.ஈ.ஸ்மித்தின் "ஸ்கைலார்க் ஆப் ஸ்பேஸ்" கதையில், ஐன்ஸ்டீன் கொள்கை வெறும் கொள்கைதானே என்று ஒரே பேச்சில் தள்ளிவிட்டு, ஒளியையும் முந்திக் கொண்டு பறக்கிறார்கள்!

ஆனால், ஒரு கடையில் சொத்தை அரிசி விற்றான் என்பதற்காகச் சோறே வேண்டாம் என்பது புத்திசாலித்தனமாகுமா? கற்பனை பெரிது என்பதனாலேயே ஒரு கதை அசட்டுக் கதையாகி விடாது. கணக்குக் காட்டாமல் காரியம் நடத்துவதைத்தான் நாம் அசட்டுத்தனம் என்கிறோம். ஆகவே, காசு கொடுத்து வாங்குமுன் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கும்படி சொல்லுகிறோம்.

முதலாவது, தூரத்துக்குக் கணக்கு உண்டா? வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளிக்கே சூரியனை அடுத்த நட்சத்திரத்திலிருந்து இங்கு வர 4 வருஷத்துக்கு மேலாகிறது. வானநூல் படித்தவரான அலஸ்டேர் ரெனால்ட்ஸ் 2000-ல் எழுதிய "ரெவலேஷன் ஸ்பேஸ்" என்பதில் எந்தக் கப்பலும் ஒளியை முந்துவதில்லை. பிரயாணம் போனவன் அதற்குரிய வருஷங்களைக் கொடுத்தே தீரவேண்டும்.

இரண்டாவது, அங்கே வேலை செய்கிறவன் யார்? ராஜாக்களும் தளகர்த்தர்களும் மாத்திரம் உலாவும் கதையில் அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஜேம்ஸ் கோரி என்ற பெயரில் இருவர் சேர்ந்து 2011-ல் எழுதிய "லெவியத்தான் வேக்ஸ்" கதையே, சனிக்கிரக வளையத்திலிருந்து பனிக்கட்டி சுமக்கும் கப்பலின் தொழிலாளிகளிடமிருந்துதான் கிளம்புகிறது. தண்ணீரும் காற்றும் பிறர் கையில் இருந்தால் மனிதன் என்ன பாடுபடுவான் என்பதை அதில் காணலாம்.

மூன்றாவது, கதாநாயகன் எதனால் ஜெயிக்கிறான்? பிறவியாலா, தீர்க்கதரிசனத்தாலா, முயற்சியாலா? பிராங்க் ஹெர்பர்ட் 1965-ல் எழுதிய "டியூன்" என்பதிலும் ஒரு இரட்சகன் வருகிறான். ஆனால், அவன் வருவான் என்கிற நம்பிக்கையை ஒரு கூட்டத்தார் தங்கள் சௌகரியத்துக்காக முன்கூட்டியே ஜனங்களிடையே விதைத்து வைத்ததுதான் என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. அந்த இரட்சகன் பேரால் கோடிக்கணக்கான உயிர்கள் மாண்டதை 1969-ல் வந்த இரண்டாம் பாகம் சொல்லுகிறது. இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று யார் சொல்லமுடியும்?

இதனால், சிரிப்பே கூடாது என்று நாம் சொல்லுவதாக யாரும் கருத வேண்டாம். இயன் பேங்க்ஸ் கதைகளில் கப்பல்கள் தங்களுக்குத் தாங்களே வேடிக்கைப் பெயர் வைத்துக் கொள்ளுகின்றன. எனினும் யுத்தத்தின் கொடுமையை அவர் விளையாட்டாக்கி விடவில்லை. சிரிப்பு வேறு, அசட்டுத்தனம் வேறு.

எதையும் கேள்வி கேளாமல் நம்பிப் படிக்கிறவனும், எதையும் படித்துப் பாராமலே பரிகாசம் செய்கிறவனும் தங்கள் மூளைக்கு வேலை கொடுப்பதில்லை என்பதில் ஒன்றுதான். கேட்டுப் படியுங்கள், தேறாததைத் தள்ளுங்கள், தேறினதைப் பிறருக்கும் கொடுங்கள்.