சுவரை இடித்த சபை பதிவேட்டைத் திறக்கட்டும்

நெல்லை மாவட்டம் வடக்கன்குளம், 1745இல் தேவசகாயம் திருமுழுக்கு பெற்ற ஊர். அங்கே திருக்குடும்ப ஆலயத்துக்குள் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910இல் கௌசானல் அடிகளார் அதை இடித்தார். வெள்ளாளர்கள் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள்.

இந்தப் பெருமையைப் பேசும் திருச்சபை, தன் பள்ளிகளைப் பற்றியும் பேச வேண்டும். அரசு சம்பளம் தரும் சிறுபான்மைப் பள்ளிகளில் ஆசிரியர் நியமனத்துக்கு இடஒதுக்கீடு கட்டாயமில்லை. 1950 ஆணையோ தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஆக, இரண்டு கதவும் அடைப்பு.

பட்டியல் சாதி உரிமை கேட்டு ஆயர்கள் டெல்லிக்குப் போவது நியாயம். ஆனால் நியமன ஆணையில் கையெழுத்திடுவது டெல்லி அல்ல. ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் பள்ளிகளின் ஆசிரியர் எண்ணிக்கையைச் சாதிவாரியாக வெளியிடட்டும். இன்றைய சுவர் எங்கே நிற்கிறது என்பது அதில் தெரியும்.