மேனிப் பூச்சும் குடியானவர் வீடும்

தென்னையும் எள்ளும் பயிரிடும் குடியானவர், மேனிக்குத் தடவும் பூச்சைப் பட்டணத்துப் புட்டிகளில் விலை கொடுத்து வாங்குவது விந்தையான வழக்கமாகும். ‘லோஷன்’ என்று விற்கப்படும் அப்பூச்சுகளில் எடைப்படி மிகுதியாக இருப்பது தண்ணீரே. எஞ்சியவை எண்ணெய், மெழுகு, அவற்றை நீரோடு பிரியாமல் இணைத்து நிறுத்தும் பொருள், கெடாமற் காக்கும் பொருள், வாசனை ஆகியவையாம். இவற்றுள் எண்ணெயும் மெழுகும் தோட்டமுடையவருக்கு எளிதிற் கிட்டுவன. தண்ணீருக்கு விலை கொடுப்பானேன்?

மார்கழி, தை மாதங்களில் வறண்ட காற்று வீசுங்கால் தோல் வெடித்து, குதிகாலில் பித்தவெடிப்பு உண்டாகிறது. எண்ணெய் தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதன்று. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் போகாவண்ணம் தடுப்பதேயாம். ஆகையால் குளித்தெழுந்து, உடம்பு சற்றே ஈரமாயிருக்கும்பொழுது தடவுவதே பலன் தரும். உலர்ந்த தோலின் மீது எவ்வளவு பூசினும் பயன் குறைவே.

தேங்காயெண்ணெய் சுமார் 25 பாகை வெப்பத்தில் உருகிவிடுமாதலால், கோடையில் தனியே தடவினால் வழிந்துவிடும். அதற்கு உடல் கொடுப்பது தேன்மெழுகு. இது 62 முதல் 64 பாகை வரையிலேதான் உருகும். எண்ணெய் 6 பங்கு, மெழுகு 1 பங்கு என எடையிட்டுக்கொள்ளலாம். 120 கிராம் எண்ணெய்க்கு 20 கிராம் மெழுகு போதும்; வெயிற்காலத்தில் மெழுகைச் சிறிது கூட்டலாம். இரண்டையும் ஒரு கிண்ணத்திலிட்டு, அக்கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்க வேண்டும். நேரே அடுப்பில் வைத்தால் எண்ணெய் தீப்பற்றும் அபாயமுண்டு. உருகியதைக் கலக்கி, ஈரமற்ற புட்டியில் ஊற்றி ஆறவிட்டால் களிம்பு ஆயத்தமாகும். மஞ்சள்தூள் சேர்ப்பாரும் உளர். வேட்டியிலும் ரவிக்கையிலும் படியும் கறை அவர்கள் பாடு.

சோற்றுக்கற்றாழைச் சாற்றையோ பன்னீரையோ இதில் சேர்த்து, வாங்கும் பூச்சைப்போல் வெண்மையாக்க முயல்வதே பெரும்பாலோர் செய்யும் பிழையாகும். தேன்மெழுகு மட்டும் எண்ணெயையும் நீரையும் நெடுநாள் இணைத்து நிறுத்தாது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்னும் மருத்துவர் பெயரால் வழங்கிய குளிர்களிம்பும் மெழுகு, ஒலிவ எண்ணெய், பன்னீர் ஆகியவற்றின் கலவையே. அது விரைவில் பிரிந்துவிடும் இயல்பினது. அன்றியும், நீர் புகுந்த இடத்தில் பூஞ்சணமும் கிருமிகளும் வளரும். கெடாமற் காக்கும் பொருளின்றி ஆக்கிய நீர்ப்பூச்சு, கண்ணுக்கு நன்றாயிருக்கும்போதே கெட்டிருக்கக்கூடும். ஆதலின் இல்லத்தில் செய்வதற்கு உரியது நீரற்ற களிம்பு ஒன்றே. கற்றாழை வேண்டுவோர் அன்றன்று அறுத்துத் தனியே தடவிக்கொள்வாராக.

சேற்றுப்புண்ணுக்கு இக்களிம்பு ஆகாது. நாற்று நடும் காலத்தில் விரலிடுக்கில் வரும் அப்புண் ஈரத்தாலும் பூஞ்சையாலும் விளைவது. களிம்பு அவ்வீரத்தை அடைத்து வைக்குமேயன்றி உலர்த்தாது. அங்கே கால்களைக் கழுவித் துடைத்து உலர்த்துவதே முதற்கடமை. நீரிழிவுடையோர் பாதவெடிப்பை மருத்துவரிடமே காட்ட வேண்டும்.

மெழுகுக்கு எங்கே போவது எனின், தேனெடுத்தபின் பழைய கருத்த அடைகளை எறிந்துவிடும் வழக்கம் முதலில் ஒழிய வேண்டும். அவற்றைத் துணியில் முடிந்து நீரில் காய்ச்சினால் மெழுகு மிதந்து, ஆறியபின் கட்டியாகும். அதனை நன்றாக உலர்த்தியே களிம்பிற் சேர்க்க வேண்டும். பெட்டிகளில் வளர்க்கும் தேனீயிடம் கிடைக்கும் மெழுகு சொற்பமே. இந்தியாவில் மெழுகு மிகுதியாகக் கிடைப்பது மலைத்தேனீயின் அடைகளிலிருந்துதான். எனினும் தென்னந்தோப்பில் வைக்கும் சில பெட்டிகள் பாளைப்பூவின் மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுமாதலால், மெழுகுக்காக மட்டும் கணக்குப் பார்த்தல் தகாது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் நோயால் தென்னாட்டுக் கூடுகள் பெருவாரியாக அழிந்தமை நினைவிற்கொண்டு, நலமுள்ள கூடுகளையே வாங்க வேண்டும்.

கிராம அலுவலர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வீட்டுக்கென்று செய்வது வேறு, சந்தையில் விற்பது வேறு. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளும் விற்பனைக்குத் தயாரிப்போர் உரிமம் பெற வேண்டுமென விதிக்கின்றன. மகளிர் குழுக்களுக்குக் களிம்பு செய்யக் கற்பித்துவிட்டு, இதனைச் சொல்லாது விடுவது அவர்களை வழக்கில் மாட்டிவிடுவதற்கு ஒப்பாகும். கற்பிக்கும் முதல் நாளிலேயே உரிமத்திற்கான விண்ணப்ப முறையையும் விளக்கிவிடுவது அலுவலர் கடமையாகும்.