அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எடுங்கப்பா!

நேரா விஷயத்துக்கு வர்றேன். வெப்சைட் ஃபார்மில் 'லாஸ்ட் நேம்' பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருக்குமே, 'கட்டாயம்' என்று? அதை அங்க வெச்சது சட்டமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. என்னை மாதிரி பொட்டி தட்டுற ஒருத்தன். அவனால எடுக்கவும் முடியும். எடுக்க மாட்டேங்கிறான். கேட்டா 'சிஸ்டம் அலவ் பண்ணாது சார்' என்கிறான். இன்னிக்கு அவனைத்தான் திட்டப் போறேன்.

எங்க சித்தூரில் ஒரு தெருவை எடுத்துக்குங்க. ஒரு வீட்டு வாசலில் 'என்.' என்று இனிஷியல் போட்ட பெயர்ப்பலகை. தெலுங்குக் குடும்பம். அந்த என். அவங்க 'இன்டிபேரு', அதாவது வீட்டுப் பேர். தாத்தா, அப்பா, பேரன் எல்லாருக்கும் அதே என்.தான். அடுத்த வாசலிலும் ஒரு 'என்.' இது தமிழ்க் குடும்பம். இந்த என். அப்பா பேர். பிள்ளை தலையெடுத்தா வேற எழுத்து வந்துடும். பொண்ணுக்குக் கல்யாணம் ஆனா பாதி வாழ்க்கையில் இனிஷியல் மாறும். எழுத்து ஒண்ணு, புள்ளி ஒண்ணு, அர்த்தம் மட்டும் வேற. எங்க போஸ்ட்மேன் ஒருநாளும் குழம்பினது இல்லை.

பெரிய மனுஷங்களைப் பாருங்க. திருப்பதிப் பக்கம் நாராவாரிபள்ளிக்காரர் நாரா சந்திரபாபு நாயுடு. வீட்டுப் பேர் முதல்ல நிக்குது, கடைசியில் இருப்பது சாதிப் பட்டம். வெள்ளைக்காரன் ஃபார்ம் பட்டத்தைக் குடும்பப் பேர்னு எடுத்துக்கும். 1888ல் திருத்தணியில் பிறந்து திருப்பதியில் படிச்ச ராதாகிருஷ்ணனுக்கு 'எஸ்.' என்றால் சர்வபள்ளி, ஊர்ப் பேரில் வந்த வீட்டுப் பேர். லாஸ்ட் நேம் பெட்டியில் போய் உக்காருவதோ அவரோட சொந்தப் பேர். ம.பொ.சி. கதை இன்னும் நல்லா இருக்கும். 'ம' மயிலை, 'பொ' அப்பா பொன்னுசாமி, கடைசியில்தான் சிவஞானம். ஊர், அப்பா, ஆள், மூணும் ஒரே பேரில். திருப்பதியும் சித்தூரும் தமிழ்நாட்டுக்கு வேணும்னு போராடினவர் அவர். 1960 ஏப்ரலில் திருத்தணி வந்தது, நாங்க அந்தப் பக்கமே நின்னுட்டோம், அப்பா பேர் இனிஷியலோட.

இவ்வளவு விதமான பேர் இருக்கிற நாட்டில் ஆதாருக்குப் பேர் கேக்கிறது ஒரே பெட்டியில். நூறு கோடிப் பேருக்கு மேல அட்டை கொடுத்தாச்சு. வானம் இடிஞ்சு விழலை.

பாஸ்போர்ட்டில் இரண்டு பெட்டி. சர்நேம், கிவன் நேம். ஒரே பேர் வெச்சிருக்கிற நம்ம ஆளு அமெரிக்க விசா வாங்கினா, இருக்கிற பேரை சர்நேமில் போட்டுட்டு கிவன் நேமில் 'எஃப்.என்.யூ' என்று அடிப்பாங்க. 'முதல் பேர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். ஆபீஸில் 'ஹாய் ஃப்னு' என்று கூப்பிடுவதைக் காதால கேட்டிருக்கேன் (சிரிச்சுட்டேன், தப்புத்தான்).

எங்கம்மா இங்க வந்தப்போ, பயண இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருத்தர் ஃபார்மை நிரப்பினார். கம்பெனி பேர் வேண்டாம். பாஸ்போர்ட்டில் அம்மாவுக்கு ஒரே பேர். லாஸ்ட் நேமைக் காலியா விட்டார், சிவப்பு. இனிஷியல் போட்டார், 'குறைந்தது இரண்டு எழுத்து'. இனிஷியலும் புள்ளியும் போட்டார், 'எழுத்துகள் மட்டும்'. கடைசியில் அம்மா பேரையே இரண்டு தடவை அடிச்சார், ஏத்துக்கிச்சு. மூணாவது வாரம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். ஆஸ்பத்திரியில் விசாப்படி 'ஃப்னு', பாலிசியில் பேர் இரட்டையா இருக்கு. இரண்டும் ஒரே பொம்பளைதான் என்று நிரூபிக்க நாலு மாசம், பதினோரு ஃபோன், ஒரு நோட்டரி. பில் பணம் வட்டியோட என் கார்டில் நின்னுச்சு.

இப்ப 'சிஸ்டம் அலவ் பண்ணாது' என்கிற பொய்க்கு வருவோம்.

ஜாங்கோவை உதாரணத்துக்கு எடுக்கிறேன், நான் தினமும் ஆணி பிடுங்குறது அதில்தான். கேன்சஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில் ஒரு பத்திரிகை ஆபீஸில் பிறந்து 2005ல் வெளியே வந்தது. அதோட கூடவே வர்ற யூசர் மாடலில் லாஸ்ட் நேம் காலியா இருக்கலாம்! கேன்சஸ்காரன் விட்டுக்கொடுத்ததை நம்ம திருப்பதி காலேஜில் படிச்ச பையன் கட்டாயமாக்கி வெச்சிருக்கான்.

வீட்டில் இருக்கிறவங்களுக்கும் புரியிற மாதிரி சொல்றேன். ஃபார்ம் என்பது ஒரு அச்சு. ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஃபீல்ட். கட்டாயமா, குறைஞ்சது எத்தனை எழுத்து, என்னென்ன எழுத்து செல்லும் என்று பெட்டி மேல ஒட்டுற சீட்டுகள்தான் அட்ரிப்யூட். சீட்டை அச்சிலேயே பொறிச்சுட்டா உலகத்துக்கே ஒரே சட்டம். ஆனா ஒவ்வொருத்தரும் ஃபார்மைத் திறக்கும்போது ஜாங்கோ அந்த அச்சிலிருந்து அவங்களுக்குன்னு ஒரு நகல் எடுக்குது. நகல் உருவாகும் இடத்துக்கு இனிட் மெத்தட் என்று பேர். 'உங்க பாஸ்போர்ட்டில் சர்நேம் இருக்கா?' என்று முன்னாடியே ஒரு கேள்வி கேளு. 'இல்லை' என்றால், அங்க வெச்சு அந்த ஃபீல்டின் ரெக்வயர்டை ஃபால்ஸ் ஆக்கு. விட்ஜெட்டின் அட்ரிப்யூட் பட்டியலில் இருந்து பேட்டர்னைத் தூக்கு. லேபிளை 'பாஸ்போர்ட்டில் உள்ளபடி' என்று மாத்து. நாலு வரி, சாமி!

இதையும் அரைகுறையா செய்றவங்க உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் பெட்டியை மட்டும் ஒளிச்சு வெச்சுட்டு சர்வர் பக்கம் ரெக்வயர்டை அப்படியே விடுவாங்க. பட்டனை அமுக்கினா 'இந்தப் பெட்டியை நிரப்பவும்' என்று வரும், பெட்டியைக் காணோம்! ரெக்வயர்டை ஃபீல்டிலேயே மாத்தினா பிரவுசரில் நட்சத்திரத்துக்குப் பின்னால இருக்கிற கட்டாயமும் போயிடும், சர்வரும் கேக்காது. குறைந்தபட்ச நீளம் கொஞ்சம் வேற மாதிரி. அச்சு எழுதும்போதே அதுக்கு ஒரு வாலிடேட்டர் சேர்ந்துடும். சீட்டை மட்டும் கிழிச்சா ஒத்தை இனிஷியலை சர்வர் பிடிச்சுக்கும், வாலிடேட்டரையும் எடுக்கணும். இன்னும் சில புத்திசாலிங்க நகலை விட்டுட்டு மூல அச்சிலேயே கை வெப்பாங்க. ஒருத்தருக்குக் கொடுத்த சலுகை சர்வரை மறுபடி கிளப்புற வரைக்கும் வர்றவன் போறவனுக்கெல்லாம் கிடைக்கும். அப்புறம் 'டைனமிக்கா பண்ணா இப்படித்தான் ஆகும்' என்று நம்மையே குத்தம் சொல்வாங்க.

'விமானத்துக்கும் விசாவுக்கும் சர்நேம் வேணுமே' என்பீங்க. பாஸ்போர்ட் எப்படி இருக்கணும்னு சொல்ற சர்வதேச விமான அமைப்பின் 9303 ஆவணமே ஒற்றைப் பேரை அனுமதிக்குது. சுகார்த்தோ ஒரே பேரில் முப்பது வருஷம் இந்தோனேசியாவை ஆண்டவர். விதிவிலக்கும் இருக்கு. 2022 நவம்பரில் ஐக்கிய அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒரே பேர் உள்ளவங்களுக்கு விசிட் விசா கிடையாதுன்னு சொல்லிச்சு. சில நாள்லயே பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பேர் இருந்தா போதும்னு இறங்கி வந்தது. சரி, போற இடம் துபாய் என்றால் அந்தப் பெட்டியைக் கட்டாயமாக்கு, ஏன்னு ஒரு வரி எழுது, இரண்டாம் பக்கத்துப் பேரைக் கேளு. மத்த ஊருக்கு விட்டுடு. நான் கேக்கிறதே இதுதானே? ஆளுக்கும் ஊருக்கும் தக்கபடி சீட்டு மாறணும்.

மாவட்டப் பெட்டியிலும் இதே சோம்பேறித்தனம். 2022 ஏப்ரல் 4ல் திருப்பதி தனி மாவட்டம் ஆயாச்சு. பட்டியலைக் கையால அடிச்சு வெச்ச ஃபார்ம் திருப்பதிக்காரனைச் சித்தூர்லயே கட்டிப்போடுது. பட்டியலுக்குப் பதிலா ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தா, ஜாங்கோ ஒவ்வொரு தடவையும் புதுசா எடுத்துக்கும்.

எங்க மாமா சொல்றார்: 'எதுக்குப்பா வம்பு, அப்பா பேரைக் குழந்தைக்கு சர்நேமா போட்டுட்டுப் போ.' போட்டாச்சு மாமா. எங்கம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. அவங்க பேரை எதுக்கு மாத்தணும்?

டெஸ்ட் கேஸ் வேணும்னா நானே தர்றேன். மயிலை பொன்னுசாமி சிவஞானம், சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், நாரா சந்திரபாபு நாயுடு, சுகார்த்தோ, அப்புறம் எங்கம்மா. அஞ்சு பேரும் சிவப்பு வராம உள்ள போயிட்டா சொல்லி அனுப்புங்க.